முதலில் விளக்கப் புத்தகத்தைக் காட்டு!

(பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களைச் சேர்ந்த ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு புத்தகத்தைப் பற்றி. ஒரு வேலைமுறையைப் பழைய பதிவேட்டிலிருந்து பெயர்த்து யந்திரத்தில் ஏற்றுகிறார்கள். அப்போது, "இப்படி ஏற்ற வேண்டும், இப்படி நடத்த வேண்டும், தவறினால் இப்படிச் செய்ய வேண்டும்" என்று எழுதித் தருகிறார்களே, அந்த விளக்கப் புத்தகம். அது நல்லதா, கெட்டதா என்று எப்படிப் பரிசீலிப்பது? இதுவே நமது விஷயம்.

"இது கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் காரியம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். புத்தகத்தில் ஒரு வரி விட்டுப்போனால் அதை எழுதியவருக்குச் சம்பளம் குறையாது. ஏரியில் மண் வெட்டியவளுக்குத்தான் கூலி குறையும். ஆலையில் பழுது பார்த்தவனுக்குத்தான் கை போகும். ஆகவே அந்தப் புத்தகத்தைப் படிக்கும் உரிமையும், கேள்வி கேட்கும் உரிமையும் முதலில் நமக்கு உண்டு.

ஏஜெண்டு என்றால் யார்?

ஏஜெண்டு என்றதும் உங்களுக்கு வெங்காய மண்டி ஏஜெண்டு ஞாபகத்துக்கு வருவார். நமது பெரம்பலூர் சின்ன வெங்காயத்தை விற்கும் வேலையை அவரிடம் ஒப்படைக்கிறோம். யாரிடம் விற்பது, எப்போது விற்பது என்பதை அவரே தீர்மானிக்கிறார். இப்போது பேசப்படும் செயற்கை அறிவு ஏஜெண்டும் இதைப் போன்றதுதான். ஆனால் அது மனிதன் அல்ல. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு மென்பொருள். "இந்த மனுக்களைப் பார்த்து, சரியானவற்றைப் பட்டியல் போட்டு, மற்றவற்றைத் திருப்பி அனுப்பு" என்று சொன்னால், இடையிலுள்ள படிகளைத் தானே வகுத்துக்கொண்டு செய்யும்.

பழைய கம்ப்யூட்டருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பழையது, வரிசையாக எழுதிக் கொடுத்த படிகளை மட்டும் செய்யும். எழுதாத இடம் வந்தால் நின்றுவிடும். ஏஜெண்டு அப்படி நிற்பதில்லை. எழுதாத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போகக்கூடியது. ஊகித்ததையும் உறுதியான குரலில் சொல்லும். புதிதாக வந்த குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்பார். ஏஜெண்டு கேட்க வேண்டுமானால், "இங்கே நில், ஆளைக் கேள்" என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு ஆபீசில் பல வருஷமாக நடந்துவரும் வேலைமுறையை அப்படியே எடுத்து ஏஜெண்டிடம் ஒப்படைப்பதற்கென்று கருவிகளும் வந்துவிட்டன. அவற்றை இடமாற்றக் கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். நாற்றங்காலில் இருக்கும் நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவது போன்ற வேலை இது. நாற்றை வேரறுக்காமல் பிடுங்க வேண்டும். காயாமல் கொண்டுபோக வேண்டும். எந்த வயலில் எந்த நாற்று என்று தெரிந்திருக்க வேண்டும். கருவியோடு வரும் விளக்கப் புத்தகம்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

கருவி செய்கிற கம்பெனிகளுக்கே இது தெரியும். 2025 அக்டோபரில் மைக்ரோசாப்ட் கம்பெனி, ஏஜெண்டுகளை உருவாக்கத் தான் வைத்திருந்த இரண்டு பழைய கருவிகளின் இடத்தில் ஒரு புதிய கருவியைக் கொண்டுவந்தது. அப்போது, பழையதில் வேலை செய்தவர்கள் புதியதற்கு மாறுவது எப்படி என்று தனித்தனி வழிகாட்டிகளை எழுதி வெளியிட்டது. படித்த இஞ்சினீயருக்கே வழிகாட்டி வேண்டியிருக்கிறது என்றால், கூலிக்காரருக்கு வேண்டாமா?

இடமாற்றம் நமக்குப் புதிதல்ல

நமது ஜில்லாக்களைப் பாருங்கள். 1995 நவம்பர் 1இல் திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31இல் அரியலூர் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மீண்டும் தனி ஜில்லா ஆயிற்று. சுமார் பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஊர்க்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர் நான்கு முறை மாறியது. கட்டடம் மாறுவது பெரிதல்ல. எந்த மனு எங்கே போகும், பழைய பைல் எங்கே கிடைக்கும், பாதியில் நிற்கும் கேஸை யார் முடிப்பார் என்று சொல்லும் தெளிவான தாள் ஒன்று இருந்தால் அலைச்சல் இல்லை. இல்லாவிட்டால் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் நஷ்டம்.

நூறு நாள் வேலையில் நடந்தது

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் வருகைப் பதிவு காகிதப் பட்டியலில் இருந்தது. அதில் கள்ளப் பெயர் ஏறியது உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. வேலைக்கு வராதவன் பெயரில் பணம் எடுப்பவன் நமக்கும் எதிரிதான். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு நன்மையும் இருந்தது. தன் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அங்கேயே சத்தம் போடலாம்.

2021 மே 21இல் மத்திய சர்க்கார் என்.எம்.எம்.எஸ். என்ற செல்போன் செயலியைத் துவக்கியது. 2022 மே 16 முதல், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தளங்களில் அது கட்டாயம் ஆயிற்று. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளின் வேலைகள் நீங்கலாக, எல்லாத் தளங்களிலும் கட்டாயம் ஆயிற்று. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து, இடமும் நேரமும் பதிந்து ஏற்ற வேண்டியிருந்தது.

இதில் என்ன கேள்விகள் எழுந்தன? ஏரி உள்வாயில் சிக்னல் இல்லை, என்ன செய்வது? பொறுப்பாளரின் போனில் சார்ஜ் இல்லை, யார் படம் எடுப்பது? காலைப் படம் ஏறியது, பிற்பகல் படம் ஏறவில்லை. அன்றைக்கு முழுக் கூலியா, இல்லையா? தவறாகப் பதிந்ததை யார், எத்தனை நாளுக்குள் திருத்துவது? வெயிலில் நிற்கும் பொறுப்பாளருக்கு இவற்றின் விடை கையில் இருக்க வேண்டும். விடை எங்கோ ஒரு மேலாபீஸ் சுற்றறிக்கையில் இருந்தால் அவருக்கு அது இல்லாதது போலத்தான். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். ஒரு படம் ஏறாததன் விலை அது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2025 ஜூலை 8ஆம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன. படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். ஒரே ஆட்களின் படம் பல பட்டியல்களில் வருகிறது. படத்தில் உள்ள ஆட்களுக்கும் பதிவில் உள்ள எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை என்று அதில் அடுக்கியிருந்தார்கள். பரிகாரம் என்ன? கிராமப் பஞ்சாயத்து மட்டத்தில் நூற்றுக்கு நூறு படங்களையும் மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள்!

யந்திரம் பொய் சொல்லவில்லை. "படம் வந்ததா?" என்று கேட்கும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். "அது யாருடைய படம்?" என்று பார்க்கும் வேலையை யாரிடமும் அழுத்தமாக ஒப்படைக்கவில்லை. காகித முறையில் மனிதக் கண் செய்துவந்த ஒரு படி, இடமாற்றத்தில் கீழே விழுந்துவிட்டது. செயலி வந்து நான்கு வருஷம் கழித்து அதைப் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். இதன் பலன் என்ன? கள்ளப் படம் போட்டவன் தப்பினான். உண்மையாக உழைத்தவள் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்றாள்.

2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகவே கூலி என்பது கட்டாயம் ஆயிற்று. வேலை அட்டையில் "செ. செல்லம்மாள்" என்று இருக்கிறது, ஆதாரில் தகப்பன் பெயரையும் சேர்த்து "செல்லம்மாள் செல்லமுத்து" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குத் தெரியும், இரண்டும் ஒருவரே என்று. யந்திரத்துக்குத் தெரியாது. தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து எப்படி வரும் என்று விளக்கப் புத்தகம் எழுதியவர் நினைத்துப் பார்த்தாரா? இதுதான் கேள்வி.

இப்போது ஏன் இது அவசரம்?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதைச் சுருக்கமாக வி.பி. - ஜி ராம் ஜி சட்டம் என்கிறார்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருவது இது. 125 நாள் வேலை என்கிறது. அந்தச் சட்டத்தின் மற்ற அம்சங்களைப் பற்றித் தனியே பேச வேண்டும். இன்றைய விஷயத்துக்கு ஒன்று போதும். திட்டமிடுவதிலும், தணிக்கையிலும், மோசடியைக் கண்டுபிடிப்பதிலும் செயற்கை அறிவை உபயோகிப்பது என்பது அதில் இருக்கிறது.

அதாவது, உங்கள் பெயர் சரியா, சந்தேகத்துக்குரியதா என்று சொல்லும் வேலைக்கு யந்திரம் வருகிறது. போனில் படம் ஏறாதது ஒரு பழுது. "இந்தப் பெண்மணி மோசடி" என்று யந்திரம் குறி போட்டுவிட்டால் அது அவமானம். அதை எதிர்த்து எங்கே போவது, யாரிடம் பேசுவது என்று எழுதிய தாள் நம் கையில் இருக்க வேண்டும்.

ஆறு கேள்விகள்

ஆகவே, எந்த வேலைமுறையை யந்திரத்துக்கு மாற்றினாலும் அதன் விளக்கப் புத்தகத்தை நாம் ஆறு கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி: யாருக்காக எழுதப்பட்டது? வேலை செய்கிறவரின் பாஷையில் இருக்கிறதா? "பயனர் தக்க நடவடிக்கை எடுக்கலாம்" என்று எழுதுவது விளக்கம் அல்ல. எந்தப் பொத்தான், எத்தனை மணிக்குள், யாருடைய கையெழுத்து என்று சொல்வதே விளக்கம்.

இரண்டாவது: பழைய படி ஒவ்வொன்றும் புதியதில் எங்கே போயிற்று? இதற்கு ஒரு பட்டியல் வேண்டும். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளே நமக்கு முக்கியம். அரியலூர் சிமெண்டு ஆலைத் தோழர்களுக்கு இது நன்றாகப் புரியும். சூளைக்குள் 1450 டிகிரி வெப்பத்தில் வேலை நடக்கிறது. பழுது பார்க்க இறங்குமுன் கரண்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவனே வைத்துக்கொள்வது ஒரு படி. முந்திய ஷிப்டு ஆள், "பெல்டில் சத்தம் கேட்கிறது, பார்" என்று அடுத்தவனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவதும் ஒரு படி. முதலாவது பதிவேட்டில் இருக்கும். இரண்டாவது எந்தப் பதிவேட்டிலும் இராது. பழுது வேலைகளைப் பங்கிடும் பொறுப்பு நாளைக்கு ஏஜெண்டிடம் போனால், எழுதாமல் நடந்துவந்த படிகளை யார் எழுதிக் கொடுப்பது? வேலை தெரிந்த தொழிலாளியைக் கேட்காமல் அந்தப் பட்டியல் பூர்த்தியாகாது.

மூன்றாவது: தவறினால் என்ன? எல்லாம் சரியாக நடக்கும் நாளை மட்டும் வர்ணிக்கும் புத்தகம் விளம்பரமே தவிர விளக்கம் அல்ல. சிக்னல் இல்லாத நாள், கரண்டு இல்லாத நாள், பெயர் பொருந்தாத நாள் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே வழி சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது: திரும்பிவர வழி உண்டா? புதியது கெட்டால் பழைய பதிவேட்டுக்குத் திரும்பலாமா? ஒரு பருவமாவது இரண்டையும் சேர்த்து நடத்தி, கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு உண்டா? புது ஆற்றுப்பாலம் கட்டி முடியும்வரை பழைய தரைப்பாலத்தை யாரும் இடிப்பதில்லை.

ஐந்தாவது: ஏஜெண்டின் அதிகாரம் எதுவரை? எதை அது தானே செய்யலாம், எதற்கு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும்? பட்டியலை அகர வரிசைப்படுத்த அதை விடலாம். ஒருவர் பெயரை நீக்கவோ, கூலியை நிறுத்தவோ விடக்கூடாது. இந்த எல்லைக்கோடு புத்தகத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பொறுப்பான அதிகாரியின் பதவியும் இருக்க வேண்டும்.

ஆறாவது: தெரிந்த கோளாறுகளை ஒப்புக்கொள்கிறதா? எந்தத் தேதியில் எழுதியது, யந்திரம் மாறிய பிறகு புத்தகமும் மாறியதா?

இந்த ஆறாவது கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே 1999 முதல் தபால் ஆபீஸ் கணக்குகளை ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் முறைக்கு மாற்றினார்கள். ஊர்த் தபால் ஆபீஸ்களில் பணம் குறைவதாக யந்திரம் காட்டியது. "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள் அவற்றை நடத்தியவர்கள். யந்திரம் தப்பாது என்றது நிர்வாகம். 2015 வரை 900க்கும் அதிகமானோர் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை சென்றார்கள். மென்பொருளைக் கொடுத்த புஜிட்சு கம்பெனியிடம், "தெரிந்த கோளாறுகளின் பதிவேடு" என்ற பெயரிலேயே ஒரு பதிவேடு இருந்தது! தண்டிக்கப்பட்டவர்களின் கண்ணில் அது காட்டப்படவில்லை. 2019 டிசம்பரில்தான், யந்திரத்தின் கோளாறுகளே கணக்கில் குறைவை உண்டாக்கக்கூடியவை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோளாறுகளின் பட்டியல் முதல் நாளே வெளியில் இருந்திருந்தால் இத்தனை குடும்பங்கள் அழிந்திருக்குமா?

பரீட்சை வைப்பது எப்படி?

கேள்வி கேட்டால் மட்டும் போதாது. பரீட்சையும் வைக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று பரீட்சைகள் போதும்.

ஒன்று, வாசிப்புப் பரீட்சை. ஒருவர் புத்தகத்தை உரக்க வாசிக்கட்டும். அந்த யந்திரத்தை அதுவரை தொடாத ஒருவர், காதில் விழுந்ததை மட்டும் செய்யட்டும். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அது அவருடைய அறியாமை அல்ல, புத்தகத்தின் ஓட்டை.

இரண்டு, பத்துப் பெயர் பரீட்சை. பழைய பதிவேட்டிலிருந்து பத்துப் பெயரை எடுங்கள். சுலபமானவற்றை எடுக்காதீர்கள். ஒரே பெயருள்ள இரு பெண்கள், முன்னெழுத்து மாறியவர், பாங்கியை மாற்றியவர், அரை நாளில் வீடு திரும்பியவர், விதவையான பின் கார்டு மாறியவர் ஆகியோரை எடுங்கள். புத்தகம் சொல்கிறபடியே யந்திரத்தில் ஏற்றி, பத்துப் பேருக்கும் சரியான கூலி வருகிறதா என்று பாருங்கள். எட்டுப் பேருக்கு வந்தது, நூற்றுக்கு எண்பது மார்க் என்று திருப்திப்பட நாம் பள்ளிக்கூடம் நடத்தவில்லை. விட்டுப்போன இருவருக்கு அது நூற்றுக்குப் பூஜ்யம்.

மூன்று, மௌனப் பரீட்சை. இது ஏஜெண்டுக்கு. புத்தகத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியை அதனிடம் கேளுங்கள். "எனக்குத் தெரியாது, இன்னாரைக் கேள்" என்று சொன்னால் நல்லது. இல்லாத விதியைத் தானே கற்பித்துச் சொன்னால், அந்தக் கருவியையும் அதன் விளக்கத்தையும் திருப்பி அனுப்புங்கள்.

"யந்திரத்துக்கு விரோதிகளா?"

இப்படிக் கேட்டால் நம்மை யந்திரத்துக்கு விரோதிகள் என்பார்கள். நாம் விரோதிகள் அல்ல. பொய்க்கணக்கு ஒழிய வேண்டும்; கூலி தாமதமின்றி வர வேண்டும்; குமாஸ்தாவின் தயவுக்காகக் காத்து நிற்கும் அவலம் நீங்க வேண்டும். இவற்றை யந்திரம் செய்யுமானால் இரு கை நீட்டி வரவேற்போம். நல்ல விளக்கப் புத்தகம் அதிகாரிக்கும் நல்லது. பழி தன் தலையில் விழாமல் அவரையும் அது காப்பாற்றும். ஏற்றுகிறவருக்குப் புரியாத யந்திரத்தை அவர் தலையில் கட்டி, பிசகினால் அவரையே குற்றவாளி ஆக்கும் வழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

செய்ய வேண்டியது

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்: வருகைப் பதிவுக்கும் கூலிக்கும் உபயோகிக்கும் யந்திர முறையின் விளக்கம் தமிழில் எங்கே? அது பணித்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கிறதா? தவறைத் திருத்துகிறவர் யார், எத்தனை நாளில்? கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தாள் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஆலைத் தோழர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் நிர்வாகத்திடம் மூன்றைக் கேட்க வேண்டும். புதிய முறை வருமுன் அதன் விளக்கத்தைச் சங்கத்துக்குக் கொடு. ஒவ்வொரு பிரிவிலும் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப் பழைய, புதிய படிகளின் பட்டியலைத் தயார் செய். சோதனைக் காலம் முடியும்வரை பழைய ஷிப்டு ரிஜிஸ்தரை நிறுத்தாதே.

தோழர்களே! கூலிக் கணக்கு எழுதப்படும்போது எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. கணக்கு காகிதத்திலிருந்து யந்திரத்துக்குப் போய்விட்டது என்பதற்காக அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. எட்டிப் பார்க்கும் ஜன்னல் அந்த விளக்கப் புத்தகம்தான். அதைத் திறக்கச் சொல்லுங்கள். நமக்குப் புரியும்வரை, வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள்!